போன் அதிர்வதும் ஓர் உரிமைதான்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் டீக்கடையிலிருந்து மளிகைக்கடை வரை க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது. பணம் விழுந்ததும் எத்தனை ரூபாய் என்று சத்தமாகச் சொல்லும். காது கேட்காத கடைக்காரருக்கு அதனால் என்ன பயன்? பார்வையற்ற வாடிக்கையாளருக்குத் திரையில் தோன்றும் பச்சை டிக்கால்தான் என்ன பயன்? இருவருக்குமே எட்டக்கூடியது தொடுதல். பணம் போனால் ஒரு விதமாக, போகாவிட்டால் வேறு விதமாகக் கைக்குள் போன் அதிர வேண்டும்.

செயலி எழுதும் பலர் இந்த அதிர்வை அலங்காரம் என்று நினைத்துக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி அப்படி நினைக்கவில்லை. 2020 ஜனவரி 1 அன்று அது வெளியிட்ட ‘மணி’ செயலியில் ரூபாய் நோட்டைக் கேமராவுக்குக் காட்டினால் மதிப்பைக் குரலில் சொல்லும். பார்வையோடு கேட்கும் திறனும் இல்லாதவர்களுக்கு அதிர்வில் தெரிவிக்கும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது, இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். சிக்னல் வந்து வந்து போகும் கல்வராயன் மலை ஊர்களில் அதுதான் பெரிய விஷயம். ஆனால் காட்டியது நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று அது சொல்லாது. அதற்கு இந்தச் செயலியை நம்பக்கூடாது.

ஒரே நிரலை எழுதி இரண்டு வகை போனிலும் ஓடவிடும் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவிகளில்தான் இன்று ஏராளமான செயலிகள் உருவாகின்றன. எழுதுவது ஒன்றானாலும் கைக்கு வருவது ஒன்றல்ல. ரியாக்ட் நேட்டிவின் சாதாரண அதிர்வுக் கட்டளையில் ஆண்ட்ராய்டுக்கு நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஐபோனில் ஓர் அதிர்வின் நீளம் மாறாது. செயலிக்குப் பதிலாக இணையதளமாகச் செய்து ஐபோனின் சஃபாரியில் திறந்தால், இணையதளங்களுக்கான அதிர்வுக் கட்டளை அங்கே வேலையே செய்யாது. விலை குறைந்த போன்களில் இருப்பது பெரும்பாலும் சுழலும் சின்ன மோட்டார். அது வேகமெடுக்கவே நேரம் பிடிக்கும் என்பதால், விலை உயர்ந்த போனில் ‘டக்’கென்று உணரும் மெல்லிய தட்டல் இதில் தெரியாமலே போகும். பேட்டரி சேமிப்பைப் போட்டால் சில போன்களில் அதிர்வே நின்றுவிடும். சென்னையிலோ பெங்களூரிலோ உயர்ந்த போனில் மட்டும் சோதித்த செயலி மலையில் ஊமையாகிவிடுவது இப்படித்தான். அதனால் முக்கியமான எந்தச் செய்தியும் அதிர்வை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. எழுத்து, குரல், அதிர்வு மூன்றிலும் வர வேண்டும்.

இதைவிட ஆபத்தான கோளாறு ஒன்று உண்டு. பட்டனை அழுத்தியதற்கே போன் அதிர்கிறதா, வங்கியின் பதில் வந்த பிறகு அதிர்கிறதா? முன்னதாக இருந்தால், சிக்னல் அறுந்து பணம் நடுவில் நிற்கும்போதும் ‘போய்விட்டது’ என்று கை நம்பிவிடும். விற்பவருக்கும் இதே எச்சரிக்கை: எதிரில் இருப்பவரின் போன் அதிர்ந்ததும் டிக் காட்டியதும் சாட்சி ஆகாது. அப்படியே காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன. உங்கள் கணக்கில் வரவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சரக்கைக் கொடுக்க வேண்டும்.

யுபிஐயில் பணம் பிடிக்கப்பட்டு மறுமுனைக்குச் சேராவிட்டால் என்ன செய்வது? ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, தனிநபருக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியது என்றால் 5 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்காமலே தர வேண்டியது அது. வங்கி 30 நாளில் சரிசெய்யாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. மோசடி என்றால் காத்திருக்காதீர்கள், உடனே 1930.

இனி சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 42ஆம் பிரிவு மின்னணு ஊடகமும் அன்றாடம் புழங்கும் மின்னணுச் சாதனங்களும் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. தனியார் சேவையும் தப்ப முடியாது: மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் பிராக்டோ செயலியைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடியவில்லை என்ற புகாரை மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் 2022இல் ஏற்று உத்தரவிட்டார். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்கக்கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் தீர்ப்பளித்தது. முகத்தில் அமிலம் வீசப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி அடையாளச் சரிபார்ப்பில் அவர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்.

அதிர்வு வேண்டாம் என்பவருக்கும் உரிமை உண்டு. சிலருக்கு அது எரிச்சல், சிலருக்கு உடல் உபாதை. அணைக்க வழி தராமல் சலுகை, தள்ளுபடி என்று திரும்பத் திரும்பக் குறுக்கிட்டு நச்சரிப்பது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே வரக்கூடும். அதற்கான உதவி எண் 1915.

புகார் எழுதும்போது ‘செயலி சரியில்லை’ என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். போனின் மாடல், செயலியின் பதிப்பு எண், எந்தத் திரை, திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் எல்லாவற்றையும் வெறும் ‘பட்டன், பட்டன்’ என்று படித்ததா, பணம் போகாதபோதும் அதிர்ந்ததா என்று எழுதுங்கள். முடிந்தால் திரைப்பதிவும் சேருங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு. இணைய வணிகம் என்றால் 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தருவது அவர் கடமை. நகர்வில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு, மத்திய அரசின் கீழ் வரும் விஷயம் என்றால் தலைமை ஆணையருக்கு. சாட்சிகளை அழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் இவர்களுக்கு உண்டு. பரிந்துரையை ஏற்காத அமைப்பு 3 மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறியதாக வழக்கானால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை.

எழுதத் தெரியாதவர்கள் கள்ளக்குறிச்சியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். மலையிலிருந்து இறங்கி வரப் பேருந்துக்கே பாதி நாள் போகும் என்பதால், ஊரில் நாலைந்து பேருக்கு ஒரே குறை இருந்தால் ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்திட்டு ஒருவரிடம் கொடுத்தனுப்புவது மேல். ரசீது எண்ணை வாங்காமல் மட்டும் திரும்ப வேண்டாம்.