மரம் சாகாம ஒரு வில்

மண்வெட்டிக் காம்புக்கே முழு மரத்தைச் சாய்க்கிற ஊர்கள் உண்டு. அதனாலதான் அமெரிக்காவின் நெவாடா பகுதிப் பழங்குடிகள் வில் செய்த முறையைச் சொல்ல நினைக்கிறேன்.

அங்கே மழை குறைவு. ஜூனிப்பர் மரம் மெதுவாத்தான் வளரும். ரேகை நேரா ஓடுற இடம் பார்த்து, நிற்கிற மரத்துலயே மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு போட்டு விட்டுடுவாங்க. நடுவுல உள்ள கட்டை மரத்திலேயே காயும். காய்ந்ததும் பிளந்து எடுப்பாங்க. மரம் சாகாது, காயத்தை மூடி வளரும். அந்தத் தழும்புள்ள மரங்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்காங்க.

குட்டை வில்லை வளைச்சா உள்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். இழுபடுற பக்கம்தான் முதல்ல பிளக்கும். அதைத் தாங்கத்தான் தசைநாண். மானின் கால், முதுகுத் தசைநாணைக் காயவைத்து, தட்டி, நாராகப் பிரிப்பாங்க. தோலைக் காய்ச்சிய பசையில் (நம்ம தச்சருடைய வச்சிரம் மாதிரி) நனைத்து, வெளிப்பக்கம் நீளவாக்கில் ஒட்டுவாங்க. நார் முனைகள் ஒரே இடத்துல சேரக்கூடாது. செங்கல் கட்டுமாதிரி மாறி மாறி வரணும். பிறகு நிழல்ல பல வாரம் காயணும். காயும்போது நார் சுருங்கி வில்லைப் பின்னால் இழுக்கும், வேகம் கூடும். ஈரம் பட்டா பசை இளகிடும்.

நமக்கு வில் வேண்டாம். ஆனா காம்புக்கு ஒரு கிளை போதுமே. அடிமரம் வரப்புல நிக்கட்டும்.