ஆற்றைப் பார்த்து இரையைத் தேர்ந்தெடுப்போம்

நம் நாட்டு ஆறுகளில் வாழும் செபாராவ், சிறு மீன்களை விரட்டி உண்ணும் இயல்புடையது. முதுகுத் துடுப்பின் கீழுள்ள கரும்பட்டையே அதன் அடையாளம். ஓடும் சிறுமீனைப் போல் மின்னும் போலி இரையையும் அது பாய்ந்து கவ்வும்.

புதிதாகத் தூண்டில் பிடிப்போர் பல இரைகளை வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. சிற்றாற்றிற்கு 5 முதல் 10 கிராம் எடையுள்ள ஸ்பூன் ஒன்றும், சுழலும் தகடுடைய ஸ்பின்னர் ஒன்றும் போதும். ஆழமான மடுவில் ஸ்பூனை அமிழவிட்டு இழுக்கலாம். ஆழங்குறைந்த ஓட்டத்தில் ஸ்பின்னரை நிறுத்தாமல் சீராக இழுக்க வேண்டும். நிறுத்தினால் அது அமிழ்ந்து கற்களில் சிக்கிக்கொள்ளும். தெளிந்த நீருக்கு வெள்ளி நிறமும் சற்றே கலங்கிய நீருக்குப் பொன்னிறமும் ஏற்றவை என்பது தூண்டிற்காரர்களின் அனுபவம்.

ஆகவே, இரையைத் தேர்ந்தெடுக்குமுன் நீரைப் பார்க்கப் பழகுவோம். அப்பழக்கம் நம் உயிரையும் காக்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகுகள் மிதந்து வந்தால், மேலே மலையில் மழை பெய்து வெள்ளம் வருகிறது என்று அறிய வேண்டும். இதனை மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்பர். அவ்வேளையில் கல்லில் சிக்கிய இரையை மீட்க முயலாமல், நூலை அறுத்துவிட்டு உடனே மேட்டில் ஏறிவிடுவோம். மாணவர்கள் பெரியோர் துணையின்றி ஆற்றுக்குச் செல்லலாகாது. இழந்த இரையை மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க இயலுமா?