இளம் வழக்கறிஞரின் பயிற்சிக்காலம்: தமிழ்நாடு, மலேசியா – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

சட்டப் படிப்பை முடிப்பதற்கும் நீதிமன்றத்தில் தனித்து நின்று வழக்காடுவதற்கும் இடையே ஒரு பருவம் உண்டு. பட்டம் கைக்கு வந்துவிட்டது. தொழில் இன்னும் கைவரவில்லை. இப்பருவத்தில் இளம் வழக்கறிஞர் ஒரு மூத்தவரின் அலுவலகத்தில் இருந்து தொழிலைக் கற்கிறார். அங்கு அவரிடம் எதிர்பார்க்கப்படுபவற்றுள் பெரும்பகுதி எந்தச் சட்டநூலிலும் எழுதப்படவில்லை. தமிழ்நாட்டிலும் தீபகற்ப மலேசியாவிலும் இப்பயிற்சி எவ்வாறு அமைந்துள்ளது, அதில் விதி எது, வழக்கம் எது, அவ்வழக்கத்தின் சுமை யார்மீது விழுகிறது ஆகியவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்டத்துறையை நாடும் மாணவர்களுக்கு வழிகாட்டும் தமிழாசிரியர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

‘சீனியர்’ என்னும் சொல்

தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்னும் சொற்கள் இருவேறு பொருளில் வழங்குகின்றன. இந்திய வழக்கறிஞர் சட்டம் (1961) தன் 16ஆம் பிரிவில் வழக்கறிஞர்களை இரு வகையாகப் பகுக்கிறது. உயர்நீதிமன்றமோ உச்சநீதிமன்றமோ தகுதி கண்டு அறிவிக்கும் மூத்த வழக்கறிஞர் ஒரு வகை. ஏனையோர் மற்றொரு வகை. மூத்த வழக்கறிஞராக அறிவிக்கப்பட்டவர் வக்காலத்து தாக்கல் செய்வதில்லை; மற்றொரு வழக்கறிஞர் உடனிருக்கவே வாதிடுவார். இது சட்டப்பொருள். பேச்சுவழக்கிலோ, தமக்குத் தொழில் கற்பிக்கும் அலுவலகத் தலைவர் எவராயினும் அவர் ‘சீனியர்’ எனப்படுகிறார். இக்கட்டுரை இந்த இரண்டாம் பொருளையே கொள்கிறது. ஏனெனில், இளையவரின் அன்றாட வாழ்வை வரையறுப்பது அவ்வுறவே ஆகும்.

தமிழ்நாட்டில் பயிற்சி: விதி விலகியும் வழக்கம் விலகவில்லை

1862இல் சென்னை உயர்நீதிமன்றம் நிறுவப்பட்ட பின் வளர்ந்த தொழில் மரபில், மூத்த வக்கீலிடம் பயிற்சி பெறுவது தொழிலுக்குள் நுழையும் வாயிலாக இருந்தது. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பி. ஆர். சுந்தர ஐயரிடமும், சி. பி. இராமசாமி ஐயர் வி. கிருஷ்ணசாமி ஐயரிடமும் பயின்றனர் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. இப்பெயர்களே ஓர் உண்மையை உணர்த்துகின்றன. அக்காலத்து அலுவலகங்கள் பெரும்பாலும் மயிலாப்பூரைச் சார்ந்த ஒரு சிறு சமூக வட்டத்துள் அமைந்தவை. அவ்வட்டத்தில் பிறந்தவர்க்கு மூத்தவரின் வாயில் எளிதில் திறந்தது. பிறர்க்கு அவ்வாறு அமையவில்லை. பெண்களுக்குரிய சட்டத்தடையே 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது.

விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1961ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்தில் பயிற்சியையும் அதன் இறுதியில் ஒரு தேர்வையும் பதிவுக்குரிய தகுதியாக வைத்திருந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. இந்திய வழக்கறிஞர் கழகம் 1995இல் விதிகள் இயற்றிப் பயிற்சியை மீண்டும் கட்டாயமாக்க முற்பட்டது. கழகத்திற்கு அவ்வதிகாரம் இல்லை என உச்சநீதிமன்றம் 1999இல் சுதீர் வழக்கில் தீர்ப்பளித்தது. பின்னர், 2010இல் அனைத்திந்திய வழக்கறிஞர் தேர்வு அறிமுகமாயிற்று. ஆகவே, மூத்தவரிடம் பயில வேண்டும் என்னும் கட்டாயம் இன்று சட்டத்தில் இல்லை. ஆயினும், கட்சிக்காரரும் அனுபவமும் இல்லாத ஒருவர் முதல் நாளே தனித்துத் தொழில் நடத்துதல் அரிது. அதனால் வழக்கம் நிலைபெற்றது. விதி இல்லாத இடத்தில் நிலைபெற்ற வழக்கமாதலின், பயிற்சிக்கு இத்தனை ஆண்டுகள் என்றோ இன்னின்ன கடமைகள் என்றோ வரையறை இல்லாது போயிற்று.

இளையவரின் ஒரு நாள்

முந்தைய மாலை வெளிவரும் வழக்குப் பட்டியலைப் பார்த்து, மூத்தவரின் வழக்குகள் எந்த மன்றத்தில் எத்தனையாவதாக உள்ளன எனக் குறித்தல் முதற்பணி. கட்டுகளை எடுத்து அடுக்குதல், முன்தீர்ப்புகளைத் தேடுதல், நாட்குறிப்பில் அடுத்த தேதியைப் பதிதல் ஆகியன தொடர்வன. மூத்தவர் ஒரு மன்றத்தில் வாதிட்டுக் கொண்டிருக்கையில் மற்றொன்றில் வழக்கு அழைக்கப்படலாம். அப்போது எழுந்து நின்று, வழக்கைச் சற்றுப் பின்னர் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுவதும், வாய்தா கேட்பதும் இளையவரே. மன்றம் கலைந்தபின் மாலையில் அலுவலகம் கூடும். கட்சிக்காரர் வருவர், அவர்கள் கூறுவதைக் கேட்டுக் குறிப்பெடுத்து வரைவு எழுதுவதற்குள் இரவாகிவிடும்.

இப்பணிகள் சிறியனவாகத் தோன்றினும் கல்வி இவற்றுள்தான் உள்ளது. எந்த உண்மையை முதலில் சொல்வது, நீதிபதி வினவும்போது எப்போது விடையளித்து எப்போது அமைவது, பொய்யென்று அறிந்த ஒன்றை எழுதித்தருமாறு கட்சிக்காரர் கேட்டால் எவ்வாறு மறுப்பது ஆகியவற்றை வகுப்பறையில் கற்பித்தல் கடினம். உடனிருந்து பார்த்தே அறிய வேண்டும். வழக்கறிஞரின் குமாஸ்தாவிடமிருந்து இளையவர் கற்பதும் குறைவன்று. மனுவில் எந்தத் தாள் விடுபட்டால் பதிவகம் அதனைத் திருப்பும் என்பதை அறிந்தவர் அவரே.

அதே வேளையில், எழுதப்படாத எதிர்பார்ப்புகளும் இங்கேதான் உருவாகின்றன. மூத்தவர் எழும்முன் வீட்டிற்குப் புறப்படலாகாது. விடுப்புக் கேட்டல் ஆர்வக்குறைவாகக் கருதப்படும். ஊதியம் பற்றிப் பேசுதல் நாகரிகமன்று. இரவு நெடுநேரம் அலுவலகத்தில் இருத்தல் பெண்களுக்குப் போக்குவரத்து, பாதுகாப்பு, குடும்பப் பொறுப்பு ஆகிய கூடுதல் இடர்களைத் தருகிறது. அவர்கள் முன்னதாகப் புறப்பட்டால் ஈடுபாடு இல்லை என்னும் முடிவு எளிதில் எட்டப்படுகிறது.

மலேசிய முறை

தீபகற்ப மலேசியாவில் நிலை வேறு. இங்குப் பயிற்சி சட்டத்தாலேயே விதிக்கப்பட்டுள்ளது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் ஒன்பது மாதப் பயிற்சியைக் கட்டாயமாக்குகிறது. நாம் பேச்சில் ‘சேம்பரிங்’ என்பது இதுவே. பயிற்சியளிக்கும் ‘மாஸ்டர்’ ஏழாண்டுகளுக்குக் குறையாமல் தொழிலில் இருந்தவராதல் வேண்டும். மூன்று மாதங்கள் கழிந்தபின், வரையறுக்கப்பட்ட சில நடவடிக்கைகளில் மட்டும் நீதிமன்றத்தில் தோன்றுவதற்குப் பயிற்சியாளர் அனுமதி பெறலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவிப் பணியிலும் அவர் ஈடுபடுகிறார். ஏழைகளின் வழக்கை முதன்முதலில் பலர் நேரில் காண்பது அங்கேதான். இறுதியில், உயர்நீதிமன்றத்தில் குடும்பத்தார் முன்னிலையில் அவர் வழக்கறிஞராக ஏற்கப்படுகிறார்.

இவ்வாறு காலமும் தகுதியும் வரையறுக்கப்பட்டிருப்பினும், ஊதியம் குறித்துச் சட்டத்தின் நிலை கூர்ந்து நோக்கத்தக்கது. வழக்கறிஞர் மன்றத்தின் சிறப்பு அனுமதியின்றிப் பயிற்சியாளர் வேறு வேலையில் ஈடுபடலாகாது என்கிறது 12ஆம் பிரிவு. மாஸ்டரிடமிருந்து ஊதியம் பெறுவதை அது தடுக்கவில்லை. ஊதியம் தந்தே ஆகவேண்டும் என்று அப்பிரிவு கூறவுமில்லை. வேறு வருவாய்க்குரிய வழியை அடைத்துவிட்டு, எஞ்சிய ஒரே வழியை மாஸ்டரின் விருப்பத்திற்கு விடுகிறது எனலாம். கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியவர்க்கும், வெளியூரிலிருந்து வந்து கோலாலம்பூரில் வாடகைக்குத் தங்குபவர்க்கும் ஒன்பது மாதம் என்பது நெடுங்காலம்.

குருகுல உவமையும் அதன் எல்லையும்

ஊதியமின்மையை நியாயப்படுத்துவோர் குருகுல மரபை எடுத்துக்காட்டுவது வழக்கம். கற்பவன் கூலி கேட்கலாமா என்பது அவர்தம் வினா. இவ்வுவமையை ஆராய்தல் நம் துறைக்கு உரியதாகும். குருகுலத்தில் மாணாக்கன் ஆசிரியர் இல்லத்தில் தங்கினான், அங்கேயே உண்டான். அவன் பணிவிடைக்கு ஈடாக உணவும் உறையுளும் அமைந்தன. இன்றைய அலுவலகம் பணிவிடையை வைத்துக்கொண்டு உணவையும் உறையுளையும் விட்டுவிட்டது. ஆகவே உவமை பாதியளவே பொருந்துகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கன் இயல்பைப் பேசும்முன் ஆசிரியன் இயல்பையும், பாடஞ்சொல்லும் முறையையும் பேசுகிறது. ஆசிரியராகத் தகாதவர் யாவர் என்றும் வகுக்கிறது. கடமை முதலில் கற்பிப்பவர் மீதே சுமத்தப்பட்டது. மலேசியச் சட்டம் மாஸ்டரின் அனுபவ ஆண்டுகளை வரையறுத்தது. ஆனால், ஏழாண்டு அனுபவம் கற்பிக்கும் திறனுக்குச் சான்றாகாது என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம்.

அண்மைக்கால மாற்றங்கள்

இவ்வழக்கம் தற்போது நீதிமன்றத்தாலேயே வினவப்பட்டுள்ளது. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், ஊதியமின்றி இளையவரிடம் வேலை வாங்குவது சுரண்டல் எனக் கருதியது. சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்க வழிசெய்யுமாறு தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் கழகத்தைப் பணித்தது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய வழக்கறிஞர் கழகமும், நகர்ப்புறத்திற்கு 20,000, ஊரகத்திற்கு 15,000 ரூபாய் எனப் பரிந்துரைத்தது. எனினும் இது பரிந்துரையே. சிற்றூர்களில் தாமே குறைந்த வருவாயில் தொழில் நடத்தும் மூத்தவர்கள் இத்தொகையைத் தர இயலாமல், இளையவர்களைச் சேர்த்துக்கொள்வதையே தவிர்க்கலாம் என்னும் அச்சத்தையும் புறந்தள்ள இயலாது.

2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம், உரிமையியல் நீதிபதிக்கான தேர்வு எழுத மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வனுபவத்தைப் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் சான்றளிக்கலாம். வழக்காடிய அனுபவம் நீதிபதிக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அம்மூன்றாண்டுகளை யார் செலவில் கடப்பது என்பது முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பெருவினாவாகிறது. மூத்தவரின் கையொப்பத்திற்கும் முன்னில்லாத எடை கூடுகிறது.

முடிவுரை

விதியில்லாத இடத்திலும் விதியுள்ள இடத்திலும் ஊதியம், நேரம், கற்பித்தல் ஆகிய மூன்றும் வழக்கத்தின் பிடியில் இருந்துவந்தமை இவ்வொப்பீட்டால் தெளிவாகிறது. உடனிருந்து கற்கும் முறையின் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும், காத்திருக்கப் பொருள்வசதி உள்ளவர்க்கே அம்முறை கைகொடுக்குமாயின், நாளைய வழக்கறிஞரும் நீதிபதியும் எவ்வீடுகளிலிருந்து வருவர் என்பதையும் அதுவே முடிவுசெய்துவிடும்.

சட்டம் பயில விழையும் நம் மாணவர்களுக்குத் தேர்வு மதிப்பெண்ணைப் பற்றிக் கூறும்போது இப்பருவத்தைப் பற்றியும் கூறுதல் நலம். பயிற்சிக்குச் சேருமுன் உதவித்தொகை எவ்வளவு, பணிநேரம் யாது, எவ்வகை வழக்குகளைக் காண இயலும், வரைவுகளைத் திருத்தித் தருவோர் யார் என்னும் நான்கையும் வெளிப்படையாகக் கேட்கலாம். கேட்பது பணிவின்மை ஆகாது என்பதை முதலில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களே.