கோளாறு ஆளிலா, கருவியிலா?

இயந்திரத்தோடு பொறுமையாகக் குடித்தனம் நடத்துவது எப்படி என்று சுவா சூ காங் வட்டாரவாசிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் 1999ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி அங்கிருந்துதான் ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத வண்டி. புக்கிட் பாஞ்சாங்கைச் சுற்றிவரும் அந்த வண்டி நடுவழியில் நின்று, பயணிகள் இறங்கித் தடத்தின் ஓரமாகவே நடந்து வந்த நாள்களும் உண்டு. அப்போதெல்லாம் எந்தப் பயணியும், “எனக்கு ரயில் ஏறத் தெரியவில்லை” என்று சொன்னதில்லை. ரயிலில் கோளாறு என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் அதே பயணியின் கைத்தொலைபேசியில் ஒரு செயலி அசையாமல் நின்றுவிட்டால் பேச்சு மாறிவிடுகிறது. “எனக்கு இதெல்லாம் வராதப்பா, நீயே பாரு” என்று கருவியைப் பிள்ளையிடம் நீட்டுகிறார். பிள்ளையும், “அம்மா, எதையோ தட்டிட்டீங்க” என்கிறது. தட்டியது சரியாகவே இருந்தாலும் பழி அம்மாவின் விரல்மீதுதான் விழுகிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இங்கே நடப்பது நேர் எதிர். கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும்போதும், ஆடுகிறவர் தன் காலைத்தான் நொந்துகொள்கிறார். அது வெறும் மனக்குறையோடு போய்விட்டால் பரவாயில்லை. வங்கி, மருத்துவச் சந்திப்பு, அரசாங்க உதவித்தொகை எல்லாமே கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்ட ஊரில், “எனக்கு வராது” என்று ஒதுங்கும் ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் பார்ப்பதற்கே அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியதாகிறது. ஆகவே, நேயர்களே, கோளாறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஓர் எழுத்து போதும்

செயலி என்பது மனிதர்கள் எழுதிய கட்டளைகளின் தொகுப்பு. ஒரு வங்கிச் செயலிக்குள் அப்படிப்பட்ட வரிகள் இலட்சக்கணக்கில் இருக்கும். எழுதியவர் எதிர்பாராத ஒன்று நடந்தால் அது தடுமாறும். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்தது இதற்கு நல்ல சான்று. தெலுங்கில் ‘ஞானம்’ என்ற சொல்லின் முதலில் வரும் கூட்டெழுத்து, ஐஃபோனுக்குக் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்தாலே போதும், கருவி நிலைகுலைந்தது. மெய்யெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வரும் அந்த எழுத்தை எப்படித் திரையில் வரைவது என்று மென்பொருள் குழம்பிப்போனது. சில நாள்களில் ஆப்பிள் நிறுவனம் 11.2.6 என்ற புதிய பதிப்பை வெளியிட்டுச் சரிசெய்தது. அந்த ஐஃபோன்காரர்கள் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. செய்தி வந்தது, அவ்வளவுதான்.

“அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்” என்று எல்லாரும் சொல்வதற்கும் காரணம் உண்டு. செயலிகள் வேலை செய்யும்போது கருவியின் நினைவகத்தில் இடம் பிடிக்கும். சரியாக எழுதப்படாத செயலி, வேலை முடிந்த பிறகும் பிடித்த இடத்தை விடாது. நாள் ஆக ஆகக் கருவி மூச்சுத் திணறும். அணைத்துப் போட்டால் நினைவகம் துடைத்த பலகையாகி, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நோய் தீரவில்லை, அறிகுறி மறைகிறது. அதனால்தான் சில நாள் கழித்து அதே தொல்லை திரும்பி வருகிறது.

மீதத்தொகை எங்கே?

செயலி சரியாக ஓடினாலும் மக்களுக்குத் தொல்லை வரலாம். 2024ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு விடுத்தது. பெரியவர்களுக்கான பழைய முறை ஈசி-லிங்க் அட்டைகளை ஜூன் 1 முதல் பயன்படுத்த முடியாது, ‘சிம்ப்ளிகோ’ முறைக்கு மாறவேண்டும் என்பதே அது. மாறினால் ஒரு வசதி போய்விடும். ரயில் நிலையத் தடுப்புக் கதவிலும் பேருந்திலும் அட்டையைத் தட்டும்போது, எவ்வளவு கட்டணம் பிடிக்கப்பட்டது, மீதம் எவ்வளவு என்பது இனித் தெரியாது. அதைச் செயலியில்தான் பார்க்க வேண்டும்.

காரணம் என்ன? பழைய முறையில் பணக்கணக்கு அட்டைக்குள்ளேயே இருக்கும் சில்லில் பதிவாகிறது. கதவு அதைப் படித்து, கழித்து, அங்கேயே எழுதிவிடுகிறது. புதிய முறையில் அட்டை வெறும் அடையாளச் சீட்டு. கணக்கு எங்கோ இருக்கும் கணினியில் இருக்கிறது. மீதத்தொகையை அங்கே கேட்டு வாங்கிக் கதவில் காட்டுவதற்குச் சில விநாடி கூடுதலாகும், காலை நெரிசலில் வரிசை நீண்டுவிடும் என்று ஆணையம் விளக்கியது. பொறியாளர் பார்வையில் சரியான விளக்கம். ஆனால் சுவா சூ காங்கில் இலகு ரயிலிலிருந்து பெருவிரைவு ரயிலுக்கு மாறும் ஒருவருக்கு, அட்டையில் இன்னும் எத்தனை வெள்ளி இருக்கிறது என்பது அந்த நிமிடத்தில் தெரிய வேண்டிய செய்தி. அதற்காகப் பைக்குள் கைவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்து, செயலியைத் திறந்து, கடவுச்சொல்லைத் தேட வேண்டும் என்றால் அது எப்படி முன்னேற்றம்?

மக்கள் அதைத்தான் கேட்டார்கள். பதின்மூன்றே நாளில், ஜனவரி 22ஆம் தேதி, முடிவு கைவிடப்பட்டது. பழைய முறை 2030ஆம் ஆண்டு வரையிலாவது தொடரும் என்றும் அதற்குக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவிடப்படும் என்றும் போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் அறிவித்தார். “எனக்குத் தெரியவில்லை” என்று பயணிகள் ஒதுங்கியிருந்தால் இந்த மாற்றம் வந்திருக்காது. “எங்களுக்கு இது ஒத்துவரவில்லை” என்று சொன்னதால் வந்தது. இரண்டு வாக்கியங்களுக்கும் எவ்வளவு தூரம்!

வங்கியே தடுமாறியபோது

அதற்கு முந்திய ஆண்டு வங்கிச் சேவையில் இன்னும் பெரிய பாடம் கிடைத்தது. 2023ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி டிபிஎஸ் வங்கியின் இணையச் சேவை ஏறத்தாழப் பத்து மணி நேரம் தடைபட்டது. மென்பொருளுக்குள் ஏற்கெனவே இருந்த பிழைகள் அதற்குக் காரணம். மே 5ஆம் தேதி மீண்டும் தடை. இம்முறை பராமரிப்புக்கான நிரலை எழுதியதில் மனிதத் தவறு. அக்டோபர் 14ஆம் தேதி, சனிக்கிழமை பிற்பகல், தரவு நிலையம் ஒன்றில் குளிரூட்டும் முறை பழுதாகி வெப்பம் ஏறியது. டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டின் சேவைகளும் பாதிக்கப்பட்டன. இரண்டு வங்கிகளும் மாற்று நிலையம் வைத்திருந்தும், உடனே முழுமையாக மாற முடியவில்லை. கட்டணம் செலுத்துவதும் ஏடிஎம்மில் பணம் எடுப்பதுமாகச் சுமார் 2.5 மில்லியன் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

வார இறுதியில் குடும்பத்தோடு கடைக்குப் போய், பணம் கட்டும் இடத்தில் செயலி சுற்றிக்கொண்டே நிற்க, பின்னால் வரிசை முனகுவதைக் கேட்டு வியர்த்தவர்கள் அன்று தீவு முழுவதும் இருந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் கருவியைக் குறை சொன்னார்களோ, எத்தனை பேர் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டார்களோ! தவறு பல கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குளிரூட்டியில் இருந்தது.

சிங்கப்பூர் நாணய ஆணையம் இதைச் சும்மா விடவில்லை. அவசியமில்லாத தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்திவைக்க டிபிஎஸ் வங்கிக்கு 2023 நவம்பரில் உத்தரவிட்டது. புதிது புதிதாகச் சேர்ப்பதை விட்டு, இருப்பதை ஒழுங்காக ஓட வையுங்கள் என்பதே அதன் பொருள். வங்கியும் தன் தலைமை நிர்வாகியின் அந்த ஆண்டு ஊக்கத்தொகையில் 30 விழுக்காட்டைக் குறைத்தது. பொறுப்பு யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

நல்லாத்தானே இருக்கு!

“போன் நல்லாத்தானே இருக்கு, ஏன் மாத்தணும்?” என்று கேட்கும் தாத்தாக்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. கருவி உடையாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிடுகிறது. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு 2ஜி சேவையும் 2024ஆம் ஆண்டு 3ஜி சேவையும் நிறுத்தப்பட்டன. அவற்றை மட்டுமே நம்பியிருந்த கருவிகள் ஊமையாகிப்போயின. தயாரிப்பாளர்களும் சில ஆண்டுகளுக்குப் பிறகு பழைய கருவிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அனுப்புவதில்லை. ஓட்டை அடைக்கப்படாத கருவியில் ஓட வங்கிச் செயலிகள் மறுக்கின்றன. வாங்கும்போதே, “இந்தக் கருவிக்கு எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும்?” என்று கடைக்காரரிடம் கேட்பது, கேமராவைப் பற்றிக் கேட்பதைவிட முக்கியம்.

தொல்லைபோலத் தோன்றுகிற சிலவற்றுக்குப் பின்னால் நல்ல காரணமும் இருக்கிறது. புதுக் கருவியில் வங்கியின் மின்னிலக்க அடையாளத்தை இயக்கினால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2021ஆம் ஆண்டு இறுதியில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியைப் பறிகொடுத்தார்கள். உண்மையான வங்கிச் செய்திகள் இருந்த அதே வரிசையிலேயே போலியும் வந்து உட்கார்ந்ததுதான் கொடுமை. வங்கி பின்னர் அந்தப் பணத்தை முழுமையாகக் கொடுத்தது. அந்த அனுபவத்தில் பிறந்ததே இந்தக் காத்திருப்பு. திருடன் உங்கள் கணக்கைத் தன் கருவிக்கு மாற்றினாலும், நீங்கள் விழித்துக்கொள்ள அரை நாள் அவகாசம் கிடைக்கிறது. இது கோளாறு அல்ல, பூட்டு. ஆனால் அது பூட்டு என்று செயலி இரண்டு வரியில் சொல்லியிருந்தால் ஆத்திரம் பாதியாகக் குறைந்திருக்கும்.

“ஒன்றை அழுத்துங்கள்”

சரி, உதவி கேட்கலாம் என்று தொலைபேசியில் அழைத்தால் என்ன நடக்கிறது? ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டுக் கேள். கடைசியில் ஒருவர் வருகிறார். அவர் முன்னால் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. வரிசையாகத்தான் கேட்பார். ஓர் அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார் என்பதையும் பல அழைப்பு நிலையங்கள் கணக்கெடுக்கின்றன. மென்பொருளைத் திருத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. பெரும்பாலும் அதை எழுதியவரோடு பேசும் வழிகூட அவருக்கு இருக்காது. அவரும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. “இதை அடுத்த நிலைக்குக் கொண்டுசெல்லுங்கள், புகார் எண் கொடுங்கள்” என்று கேட்பதில்தான் பயன் உண்டு.

இங்கேதான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. உண்மையான உதவி கிடைக்காதபோது, போலி உதவி சிரித்த முகத்தோடு வருகிறது. உடனே எடுக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார், “நான் சொல்லும் செயலியைப் பதிவிறக்குங்கள் அம்மா” என்கிறார். இணையத்தில் தேடிக் கண்டெடுத்த எண்ணை அழைத்து ஏமாந்தவர்கள் உண்டு. வங்கியின் எண் அட்டையின் பின்புறத்திலேயே இருக்கிறது. அதை மட்டும் நம்புங்கள். சந்தேகம் வந்தால் 2024ஆம் ஆண்டு தொடங்கிய 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று தன்னையே நம்பாமல் இருப்பவர்தான் அடுத்தவர் சொல்வதை எளிதில் நம்புகிறார். தன்னம்பிக்கை இங்கே ஒரு பாதுகாப்புக் கவசம்.

என்ன செய்யலாம்?

முதலில், திரையில் வரும் பிழைச் செய்தியைப் படம் பிடித்து வையுங்கள். தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். “வேலை செய்யலை” என்ற புகாரை ஓரம் தள்ளிவிடலாம். “காலை 9.10க்குப் பணம் அனுப்பும்போது இந்தச் செய்தி வந்தது” என்ற புகாரை அப்படித் தள்ள முடியாது. அடுத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் இப்படியா என்று கேளுங்கள். ஆம் என்றால் கோளாறு உங்கள் கருவியில் இல்லை. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கணக்கைப் பூட்டிக்கொள்ளாமல் காத்திருக்கலாம். செயலியில் பணம் இருந்தாலும் பையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். 2023 அக்டோபரில் அது கைகொடுத்தது.

கற்றுக்கொள்ள விரும்பும் மூத்தோருக்காக எஸ்ஜி மின்னிலக்க அலுவலகம் 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. கருவியை வாங்கி நீங்களே தட்டி முடித்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அம்மாவின் விரலே தட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். “இதுகூடத் தெரியாதா?” என்ற ஒரு கேள்வி, பத்துப் பாடங்களை அழித்துவிடும். “இந்தச் செயலியே சரியில்லை அம்மா, வாங்க சேர்ந்து பார்க்கலாம்” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும்.