காதல் வரவில்லை, கல்யாணம் வேண்டும்!

அன்புள்ள அம்மாவுக்கு,

என் வயது 30. தஞ்சாவூர் பக்கம். எம்.காம்., முடித்து, ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன்.

எனக்கு இதுவரை யார் மேலும் காதல் வந்ததே இல்லை. காலேஜில் தோழிகளுக்கு ஒருவனைப் பார்த்தாலே முகம் சிவந்து போகும். நானும், 'அவன் சூப்பர்டி' என்று சும்மா சொல்லி வைப்பேன். மனசுக்குள் ஒன்றுமே இராது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஆண்கள் மேல் வெறுப்பும் கிடையாது.

ஆனால், கல்யாணம் வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதுதான் குழப்பமே! சாயங்காலம் ஒருத்தர் வருவாரென்று காபிக்குப் பால் வைக்கணும், தீபாவளிக்குச் சேர்ந்து போய் துணி எடுக்கணும், காய்ச்சல் வந்தால் ஒருத்தர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கணும் என்றெல்லாம் ஏங்குகிறேன். அந்த 'ஒருத்தர்' யாரென்று யோசித்தால், முகமே வருவதில்லை.

இப்போது ஒரு வரன் வந்துள்ளது. பெரியவர்கள் சம்மதத்தோடு, இரண்டு மாதமாகப் போனில் பேசுகிறோம். நல்ல மனிதர். அவரோடு பேசுவது பிடித்திருக்கிறது. போன வாரம், 'வீட்டுல எல்லாருக்கும் என்னைப் பிடிச்சிருக்கு... உங்களுக்கு என்னை நினைச்சா ஏதாவது தோணுதா?' என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அம்மாவோ, 'தாலி ஏறிட்டா எல்லாம் தானா வரும்டி' என்கிறாள். வராவிட்டால், அவரை ஏமாற்றியதாகாதா?

— பெயர் வெளியிட விரும்பாத மகள்.

அன்பு மகளுக்கு,

உன் அம்மா சொல்வது பலருக்கு நடந்திருக்கிறது. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில், பழகப் பழக ஆசை வந்தவர்கள் உண்டு. எல்லாருக்கும் வந்தே தீரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதை மட்டும் நம்பி கழுத்தை நீட்டாதே.

இது வியாதி இல்லை. காதல் ஈர்ப்பு வராதவர்களை, 'ஏரோமான்டிக்' என்கிறார்கள். ஈர்ப்பு வராமலே, துணை வேண்டும் என்று ஏங்குபவர்களுக்கு, 'க்யூபியோரொமான்டிக்' என்று பெயர். 'விரும்புகிறேன்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வாயில் நுழையாத பெயர்தான், போகட்டும்! பெயர் வைக்கும் அளவுக்கு உன்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள், பார். ஒருவரையே நினைத்து உருகும் நிலை பற்றி, டோரதி டென்னாவ் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியை 1979ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த உருக்கத்தையே அறியாதவர்களும் உண்டு என்று அப்போதே சொன்னார். ராபர்ட் ஸ்டெர்ன்பர்க் என்ற மனோதத்துவ நிபுணர், 1986ல், அன்பை நெருக்கம், வேட்கை, கூடவே இருப்பேன் என்ற உறுதி என்று மூன்றாகப் பிரித்தார். வேட்கை இல்லாமல் மற்ற இரண்டும் இருந்தால், அதுவும் அன்பில் ஒரு வகையே என்பது அவர் கணக்கு. நீ கேட்கிற காபியும், நெற்றியைத் தொடும் கையும் அதில்தான் சேர்த்தி.

உன் பக்கம் சரி, அவர் பக்கம்? அவர் கடமைக்குக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பத்து வருஷம் காத்திருந்து, 'இவளுக்கு என்னைப் பிடிக்கவே இல்லை' என்ற முடிவுக்கு அந்த மனிதர் வந்தால், இருவருக்கும் நரகம்.

அதனால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், நேரில் சொல். 'உங்களோட பேசறது பிடிச்சிருக்கு. உங்களோட வாழணும்னும் ஆசையா இருக்கு. ஆனா, சினிமாவுல காட்டற படபடப்பு எனக்கு யார்கிட்டயும் வந்ததில்லை. உங்ககிட்டயும் வராமலே போகலாம்' என்றால் போதும். மேலே எழுதிய பெயர்களையெல்லாம் அவரிடம் ஒப்பிக்காதே, பயந்துவிடுவார்!

இன்னொன்று. தாம்பத்திய ஆசை வேறு, காதல் ஈர்ப்பு வேறு. ஒன்று இல்லாதவர்களுக்கு மற்றது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதில் உன் மனசு எப்படி என்று நீ எழுதவில்லை. முதலில் நீ தெளிவாகு. குழந்தை பற்றிய எண்ணத்தையும் சேர்த்து அவரிடம் பேசு.

யோசிக்க அவருக்கு ஒரு வாரமாவது கொடு. 'எனக்கு அதுதான் முக்கியம்' என்று விலகினால், அவர் மேல் வருத்தப்படாதே. வீட்டில், 'ஒத்து வரலை' என்று மட்டும் சொன்னால் போதும். அவரையும் அப்படியே சொல்லச் சொல். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.