கணக்கில் தலை உண்டு, பெயர் இல்லை

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையிலிருந்து சேலத்துச் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த கிராமங்களிலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர் யார் யார் என்று ஒருவர் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? பட்டாதாரின் பெயர் நிலக் கணக்கில் இருக்கும். கோயிலுக்கு மானியம் விட்டவர் பெயர் கல்லில் இருக்கும். கூலிக்கு ஏர் பிடித்தவனும் நாற்று நட்டவளும் எந்த ஏட்டில் இருக்கிறார்கள்? வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஊரிலேயே இருந்து மடிந்த ஏழையின் பெயர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. கப்பலேறிக் கடல் கடந்துபோன ஏழையின் பெயரோ இன்றும் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள முதலில் அமெரிக்காவின் வழக்கத்தைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் லட்சக்கணக்கில் அந்நாட்டிற் குடியேறினர். அவர்களுடைய சந்ததியார் இன்று தம் மூதாதையைத் தேடப் புகுந்தால் முதலில் நாடுவது ஜனத்தொகைக் கணக்கையே. 1850-ஆம் ஆண்டு முதல் அங்கே சுதந்திர மனிதர் ஒவ்வொருவருடைய பெயரும் வயதும் பிறந்த நாடும் எழுதப்பட்டன. அடிமைகளுக்கு வேறு தாள். அதில் வயதும் நிறமும் உண்டு, பெயர் மட்டும் அநேகமாக இல்லை. 1900-ஆம் ஆண்டுக் கணக்கில், குடியேறியவர் எந்த ஆண்டில் வந்தார் என்பதையும் கேட்டு எழுதினார்கள். இத்தாள்கள் 72 ஆண்டுகள் மூடி வைக்கப்பட்டுப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

அங்கும் தேடுவோருக்கு இடையூறுகள் உண்டு. 1890-ஆம் ஆண்டுத் தாள்களிற் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீயால் பாழாயிற்று. ஜெர்மனி ஒரே தேசமானது 1871-இல் தான். ஆகவே பழைய தாள்கள் பலவற்றில் பிரஷ்யா, பவேரியா, பேடன் என்று பிறந்த நாடு காணப்படும். ஷ்மிட் என்பவர் ஸ்மித் ஆகியிருப்பார். முல்லர் மில்லர் ஆகியிருப்பார். ஆயினும் பொறுமையுள்ளவருக்கு வழி இருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கின் வரலாறு வேறு. சென்னை மாகாணத்தில் 1871-இல் எண்ணியபோது ஜனத்தொகை ஏறக்குறைய 3 கோடியே 12 லட்சம். 1881 பிப்ரவரி 17-ஆம் தேதி இரவைக் குறித்து நாடெங்கும் ஒருங்கே எண்ணியபோது மாகாணத்தின் தொகை 3 கோடியே 8 லட்சம். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய ஜனங்கள் குறைந்தது ஏன்? நடுவே வந்தது தாது வருஷப் பஞ்சம். அந்த அறிக்கைகளில் ஜாதி, மதம், தொழில், எழுத்தறிவு எல்லாம் ஜில்லாவாரியாகக் கூட்டிப் போடப்பட்டிருக்கின்றன. பஞ்சத்தில் மாண்டவர்களிலும் பிழைத்தவர்களிலும் ஒருவர் பெயரேனும் அவற்றில் இல்லை. வீடு வீடாகப் பெயர் எழுதிய தாள்கள், கூட்டல் முடிந்ததும் அழிக்கப்பட்டுவிட்டன. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், தனி மனிதர் கணக்கெடுப்பிற் கொடுத்த விவரத்தைப் பிறர் பார்வையிட உரிமை இல்லை. குடிகள் அச்சமின்றி உண்மை சொல்ல வேண்டும் என்பதற்காக அமைந்த விதி அது; அதில் நியாயம் உண்டு. ஆனால் பாட்டனைத் தேடுவோருக்கு அந்தக் கதவு அடைபட்டே இருக்கிறது.

திறந்திருப்பது கடல் வழி ஒன்றுதான். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு, நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டிலுள்ள டர்பனை அடைந்தது. 1911 வரையில் இவ்வாறு நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிற் கப்பலேறியவர்கள். தென்னார்க்காடு, வடஆர்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சாவூர் முதலிய ஜில்லாக்களின் கிராமத்து ஜனங்கள் அவர்களில் மிகப் பலர்.

ஒவ்வொருவருக்கும் கப்பல் ஜாபிதாவில் ஒரு வரி உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை அதில் அடங்கும். இவ்வளவு கவனம் எதற்காக? கூலியின் மேல் கொண்ட அன்பினால் அன்று. ஐந்தாண்டு உழைப்பை விலை பேசிய முதலாளிக்கு, ஆள் ஓடிப்போனால் அடையாளம் காட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதனாலேதான் பெயருக்கு முன்னால் எண் நின்றது. அந்த எண் ஒப்பந்தம் தீர்ந்த பின்னும் மனிதனை விடவில்லை. விவாகப் பதிவிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் தொடர்ந்து வந்தது. 1894-இல் முன்பற்கள் உடைந்து, இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தி மகாத்மா காந்தியின் முன் வந்து நின்ற பாலசுந்தரத்தை உலகம் அறியும். காந்தியடிகளைக் காணும் பேறு பெறாத ஆயிரமாயிரம் பாலசுந்தரங்களுக்கு ஜாபிதாவின் அந்த ஒரு வரியே சரித்திரம்.

அடிமைத்தனத்துக்காக எழுதிய அந்த எண்ணே இன்று பேரப்பிள்ளைகளின் கையில் திறவுகோலாக இருக்கிறது. பாட்டியின் பழைய பதிவுச் சீட்டில் எண்ணைக் காண்கிறார்கள். எண் கப்பலைக் காட்டுகிறது. கப்பலின் ஜாபிதா கிராமத்தைக் காட்டுகிறது. ஆனால் இங்கே சிக்கல் தொடங்குகிறது. தமிழ் அறியாத குமாஸ்தாவின் ஆங்கில எழுத்தில் நம் ஊர்ப் பெயர்கள் உருமாறிக் கிடக்கின்றன. நம் ழகரத்துக்கு அங்கே எழுத்தே இல்லை. தகப்பனாரின் பெயரோ ஜாதிப் பட்டமோ அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ஜில்லாக்களும் மாறின. உளுந்தூர்பேட்டை 1993 வரை தென்னார்க்காட்டிலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய ஜாபிதாவில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைத் தேடுகிறவர் ஏமாந்து போவார்.

இதெல்லாம் ஓய்வு கொண்டோரின் பொழுதுபோக்கு என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. பாட்டனைப் பற்றிய ஒரு தாள் இல்லாமையால் நேர்ந்த கொடுமையை இலங்கையிற் கண்டோம். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்குக் காங்காணிகள் கூட்டிச் சென்ற நம்மவருக்கு நேட்டாலைப் போல ஆளுக்கொரு வரி எழுதிய ஜாபிதா அமையவில்லை. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டமோ, தந்தை இத்தீவிற் பிறந்தவர் என்று காட்டு, இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்று கேட்டது. காட்ட முடியாத ஏறக்குறைய ஏழு லட்சம் பேர், தம் உழைப்பால் மலையைத் தோட்டமாக்கியவர்கள், நாடற்றவர் ஆனார்கள். எஞ்சியோருக்கு நியாயம் கிடைக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

தாள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மொரீஷஸ் சான்று. மோக்கா நகரில் மகாத்மா காந்தி நிலையத்தில் அத்தீவிற்கு வந்த கூலிகளின் பதிவேடுகளும், அவர்களிற் பலருடைய புகைப்படங்களும் காக்கப்பட்டு வருகின்றன. 2024 மார்ச்சில் நம் ஜனாதிபதி அங்கே சென்றபோது, ஏழாம் தலைமுறை வரையிலுள்ள இந்திய வம்சத்தார் கடல்கடந்த இந்தியக் குடிமக்களாகப் பதிவு பெறலாம் என்று அறிவித்தார். அது வாக்குரிமை தராது. ஆயினும் பாட்டன் பிறந்த மண்ணுக்குத் தடையின்றி வந்து போக வகை செய்கிறது.

அக்கரையில் ஏடு இருக்கிறது. இக்கரையில் நம்மிடம் என்ன இருக்கிறது? கிராமத்தின் பெயர் கண்டு ஒருவர் வந்து சேர்ந்தாலும், “எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் தம்பி ஒருவர் கப்பலேறிப் போனார்” என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும் அல்லவா? தமிழர் வீடுகளில் அந்த நினைவு பெரும்பாலும் பாட்டிமாரிடமே இருக்கிறது, அவர்களுடனேயே போய்விடுகிறது. ஆகையால் நேயர்கள் ஒரு சிறு காரியம் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்த மூதாதையரின் பெயர், ஊர், ஊரை விட்டுப் போனவர் போன திசை எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம். கணக்கிலும் பட்டாவிலும் இடம் பெறாத பெண்மணிகளின் பெயர்களை முதலில் எழுதுவது நன்று.