தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று
வீட்டுத் தோட்டத்து மீன்குளத்தைத் தாவரங்களால் காத்தல்

யேர்மனியின் றூர் பிரதேசத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கென முன்னொரு காலத்தில் கட்டப்பட்ட வீட்டு வரிசையொன்றில் நாம் குடியிருக்கின்றோம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வீட்டை வாடகைக்கு எடுத்தபோது, பின்வளவில் இருந்த மீன்குளமும் எமது பொறுப்புக்கு வந்தது. ஏறக்குறைய 3,000 லீற்றர் நீர் கொள்ளும் சிறிய குளம். அதிலே 11 பொன்மீன்கள். நாற்பது ஆண்டுகள் அங்கு வாழ்ந்துவிட்டு முதியோர் இல்லத்துக்குச் சென்ற யேர்மன் மூதாட்டி, வீட்டுத் திறப்பை எம்மிடம் தந்தபோது ஒரேயொரு வேண்டுகோளையே விடுத்தார். மீன்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், கோடையில் ஒருநாள் வந்து பார்ப்பேன் என்றார்.

நாமும் பார்த்துக்கொண்டோம், எமக்குத் தெரிந்த முறையில். சித்திரை பிறக்கும் வேளையில் குளம் பச்சை நிறமாகியிருந்தது. புத்தாண்டுக்கு வீடு வாசலைக் கழுவித் துப்புரவாக்குவது எமது வழக்கமன்றோ? வீட்டைக் கழுவிய கையோடு குளத்தையும் கழுவினோம். மீன்களை வாளிகளில் விட்டு, நீர் முழுவதையும் இறைத்து, அடியிலும் ஓரத்திலும் இருந்த வழுவழுப்பைத் தும்புத்தடியால் உரஞ்சி எடுத்தோம். வடிகட்டியின் பஞ்சைச் சுடுநீரில் அலசி வெண்மையாக்கினோம். கரையோரம் காய்ந்தும் காயாமலும் நின்ற புற்களை வேரோடு பிடுங்கிக் கழிவுத் தொட்டியில் போட்டோம். புதுநீர் நிரப்பியபோது அடியில் கிடந்த கற்களை எண்ணக்கூடியதாக இருந்தது. வருடப்பிறப்புக்கு வந்த உறவினர்கள் பாராட்டினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் மீன்களுக்கு ஒரு பிடி உணவும் போட்டார்கள்.

மூன்று கிழமைகள் கழிந்தன. ஒரு விடியற்காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்று மாலைக்குள் மூன்று மிதந்தன. அடுத்த இரண்டு நாட்களில் மேலும் நான்கு இறந்தன. நீரோ அப்போதும் கண்ணாடிபோலத் தெளிவாகவே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. தாமும் நீண்டகாலமாகக் குளம் வைத்திருப்பவர். அவர் வந்து பார்த்ததும் கேட்ட முதற் கேள்வி, கரையில் நின்ற செடிகள் எங்கே என்பதுதான். சோதனைத் தாள் ஒன்றை நீரில் தோய்த்து எடுத்தார். வெள்ளையாக இருக்கவேண்டிய கட்டம் கடும் இளஞ்சிவப்பாக மாறியது. நைத்திரைற்று என்றார். எமது மீன்களைக் கொன்றது அழுக்கன்று, எமது துப்புரவுதான் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது.

நீருக்குள் நடப்பது என்ன?

மீன் உண்ணும் உணவில் புரதம் உண்டு. புரதத்தில் ஏறக்குறைய 16 வீதம் நைதரசன். 40 வீதம் புரதமுள்ள உணவில் 100 கிராமைக் குளத்தில் போட்டால், 6.4 கிராம் நைதரசன் குளத்துக்குள் செல்கின்றது. அதில் சிறு பங்கே மீனின் உடலாக மாறுகின்றது. மிகுதி, பெரும்பாலும் பூக்களின் வழியாக அமோனியாவாக நீரில் கலக்கின்றது. அமோனியா மீனுக்கு நஞ்சு.

இந்த நஞ்சை முறிப்பவை கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் வெளிப்படுத்திய உண்மை இது. நைத்திரைற்றும் மீனின் குருதியைக் கெடுத்து, ஒட்சிசனைச் சுமக்கவிடாது செய்யும் நஞ்சே. நைத்திரேற்றோ பெருமளவில் சேர்ந்தாலன்றித் தீங்கு செய்வதில்லை.

இப்பற்றீரியாக்கள் நீரில் மிதந்து திரிபவை அல்ல. கல்லிலும் பஞ்சிலும் வேரிலும் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்பவை. நாம் வழுவழுப்பு என்று உரஞ்சி எறிந்தது அந்தப் படலத்தைத்தான். அழிந்த படலம் மீண்டும் முழுமையாக வளர நான்கு தொடக்கம் எட்டுக் கிழமைகள் செல்லும். குளிர் நீரில் அதனிலும் கூடுதலாகும். அதற்கிடையில் நாம் போட்ட உணவெல்லாம் நஞ்சாகவே தேங்கியது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். பற்றீரியாக்கள் போதுமாயின் தாவரம் எதற்கு? விடை பச்சை நீரில் இருக்கின்றது. பற்றீரியாக்கள் உண்டாக்கும் நைத்திரேற்றும், மீனின் கழிவிலுள்ள பொசுபேற்றும் பாசிக்குப் பசளை. பாசி பெருகினால் குளம் பச்சையாகும். பகலில் ஒட்சிசனை வெளிவிடும் பாசி, இரவில் ஒட்சிசனை உறிஞ்சும். 10 பாகை நீரில் லீற்றருக்கு 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 25 பாகை நீரில் 8 மில்லிகிராம்தான் கரையும். ஆகவே கோடை விடியலில் மீன் மூச்சுத் திணறுகின்றது. பெரிய நீர்த்தாவரங்கள் பாசிக்குரிய உணவைத் தாமே உறிஞ்சிக்கொள்கின்றன. அவற்றின் வேர்களோ பற்றீரியாக்களுக்கு வீடாகின்றன.

பிளோன் நகரில் ஓர் ஆய்வு

தாவரங்கள் நீரைத் தூய்மையாக்கும் என்பதை ஆய்வுமுறையில் எடுத்துக்காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் யேர்மன் பெண் விஞ்ஞானி கேத்த சைடல். வடயேர்மனியின் பிளோன் நகரிலிருந்த மக்ஸ் பிளாங்க் ஆய்வுநிலையத்தில், 1950களின் தொடக்கத்தில், ஏரிக்கரைக் கோரைகளைக் கொண்டு அவர் தமது பரிசோதனைகளைத் தொடங்கினார். கழிவுநீரைப் புல்லிடம் ஒப்படைப்பதா என அக்காலப் பொறியியலாளர் பலர் ஐயுற்றனர். எனினும் 1974ஆம் ஆண்டில், ரைன்கோல்ட் கிக்குத் என்பவரின் வேர்வலய முறைப்படி, ஒத்பிறேசன் என்னும் ஊரில் நாணற்படுகை வழியாக ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று இத்தகைய படுகைகள் உலகின் பல நாடுகளில் உள்ளன.

சதுப்புத் தாவரங்களின் தண்டினுள்ளே காற்று செல்லும் குழாய்கள் உள்ளன. இலையிலிருந்து வேருக்கு ஒட்சிசன் அவற்றினூடாக இறங்குகின்றது. வேரையொட்டிய இடத்தில் ஒட்சிசனை விரும்பும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. சற்று விலகி, ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் வேறு பற்றீரியாக்கள், நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வானுக்கே திருப்பி அனுப்புகின்றன.

எமது மூத்தோர் இந்தப் பெயர்களை அறிந்திருக்கவில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைப்பாத்திக்குச் சென்றதை நாம் கண்டிருக்கின்றோம். கழிவென்று எதனையும் வீணே விடாமல், வேருக்கு விட்டார்கள்.

எவ்வாறு அமைப்பது?

அயலவர் தமது குளத்து வடிகட்டியிலிருந்து பழைய, கழுவாத பஞ்சொன்றை எமக்குத் தந்தார். சேற்றோடு கூடிய செடிக்கட்டைகள் சிலவும் தந்தார். எமக்கு வேண்டிய பற்றீரியாக்கள் அவற்றோடு வந்து சேர்ந்தன. உணவு போடுவதை நிறுத்தி, நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றினோம். பின்னர் குளத்தருகே தாவரப் படுகையொன்றை அமைத்தோம்.

படுகையின் பரப்பு குளத்தின் பரப்பில் ஐந்திலொன்று தொடக்கம் மூன்றிலொன்றுவரை இருப்பது நன்று. எமது குளத்தின் பரப்பு 5 சதுர மீற்றர்; ஆகவே 2 மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடங்கு வெட்டினோம். குளத்துக்குரிய இறப்பர் விரிப்பை இட்டு, நன்கு கழுவிய சிறு கூழாங்கற்களால் நிரப்பினோம். தோட்டத்து மண் கூடாது. அதிலுள்ள பசளை பாசிக்கே போய்ச் சேரும். செடிகளின் வேர்மண்ணையும் குளத்து நீரில் அலசிவிட்டே கற்களுக்குள் நட்டோம்.

குளத்தின் அடியிலிருந்து சிறிய மின்பம்பி நீரை எடுத்து, படுகையின் ஒரு முனையில் அடிப்புறமாக விடுகின்றது. நீர் வேர்களினூடாக மெதுவாகச் சென்று, மறுமுனையில் மேலாக வழிந்து குளத்தில் விழுகின்றது. விழும்போது காற்றையும் சேர்த்துக்கொள்கின்றது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குளத்து நீர் முழுவதும் படுகையைச் சுற்றிவந்தால் போதுமானது. பம்பியை இரவில் நிறுத்தக்கூடாது. ஓட்டமற்ற நீரில் பற்றீரியாக்கள் ஒட்சிசனின்றி மடியும். 20 வாட் பம்பி ஆண்டு முழுவதும் ஓடினால் 175 அலகு மின்சாரம் செலவாகும் என்பதையும் கணக்கில் கொள்க.

எந்தத் தாவரங்கள்?

படுகைக்கு மஞ்சள் ஐரிஸ், கோரை, நீர்ப்புதினா ஆகியன ஏற்றவை. நாணலின் கூரிய வேர்த்தண்டு விரிப்பைத் துளைக்கவல்லது. சிறு குளத்துக்கு அது வேண்டாம். குளத்தினுள்ளே, ஹோர்ன்பிளாற் என்று யேர்மனியர் அழைக்கும், வேரற்ற ஊசியிலைத் தாவரத்தை விடலாம். அது நீரிலிருந்து நேரடியாகவே உணவை உறிஞ்சும். அல்லி அழகுக்கு மட்டுமன்று. அதன் இலைநிழல் பாசியைக் கட்டுப்படுத்தும்.

அயலவர் தந்த செடிகளுள் ஒன்றின் இலையைக் கசக்கியபோது நாம் திடுக்குற்றோம். வசம்பு! பிறந்த குழந்தைக்கு ஊரிலே சுட்டு உரைத்துப் பூசும் அதே வசம்பு. ஆசியாவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்து, குளக்கரைகளில் நிலைத்துவிட்ட செடி அது. நீரைத் தூய்மையாக்குவதிலும் சிறந்தது. ஆனால் மீன்குளத்தில் வளரும் எதனையும் மருந்தாகவோ உணவாகவோ கொள்ளற்க.

ஆகாயத்தாமரையை மாத்திரம் நாடவேண்டாம். நீரைத் தூய்மையாக்குவதில் அது வல்லதுதான். ஆயினும் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அச்செடி நீர்நிலைகளை மூடியமையால், 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016ஆம் ஆண்டு முதல் அதனை விற்பதும் வளர்ப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன.

மறக்கலாகாதவை

மீன்கள் ஐந்து நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவு போடுக. நீர் 8 பாகைக்குக் கீழே சென்றால் உணவை முற்றாக நிறுத்துக. வந்தோரை உபசரிக்கும் எமது பண்பை மீன்களிடம் காட்டவேண்டாம்.

பஞ்சைக் கழுவுவதாயின் குளத்து நீரில் மட்டும், அதுவும் இலேசாகக் கழுவுக.

இலையுதிர்காலத்தில் காய்ந்தவற்றை வெட்டி வெளியே எடுக்கவேண்டும். நீரில் விட்டால் அழுகி, உறிஞ்சிய பசளை முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் நீர்மட்டத்துக்கு மேலேயே வெட்டுக; கீழே வெட்டினால் தண்டின் காற்றுக்குழாயில் நீர் புகுந்து வேர் அழுகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், நீர் ஒரு சாண் ஆழமாயினும் ஆபத்தே. வேலியோ, நீர்மட்டத்தில் உறுதியான கம்பிவலையோ இல்லாமல் குளம் வைக்கவேண்டாம். வாடகை வீடாயின் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்க.

மூதாட்டி வந்த நாள்

படுகை அமைத்து ஐந்து கிழமைகளில் சோதனைத் தாள் நிறம் மாறாது வெண்மையாகவே நின்றது. ஆனியில் நீர் மீண்டும் பச்சையானபோது கழுவிவிடக் கை துடித்தது, அடக்கிக்கொண்டோம். ஆடி முடிவில் நீர் தானாகவே தெளிந்தது.

இதற்கிடையே நண்பரொருவர் ஆலோசனை சொன்னார். அதே நிறத்தில் ஏழு மீன்களை வாங்கி விட்டுவிடுங்கள், கிழவிக்கு எங்கே தெரியப்போகின்றது என்றார். யோசித்தோம், மனம் ஒப்பவில்லை.

ஆவணியில் மூதாட்டி தமது மகனுடன் வந்தார். கரையில் நாற்காலி போட்டு அமர்ந்து எண்ணினார். நான்கு. நடந்ததை எமக்குத் தெரிந்த டொச்சில் மறைக்காமல் சொன்னோம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் படுகையைக் காட்டி, அது கல்முஸ் செடியல்லவா, எனது குளத்தில் அது இருக்கவில்லையே என்றார். இலையொன்றைக் கிள்ளிக் கொடுத்தோம். முகர்ந்து பார்த்தார். கிழக்குப் பிரசியாவில் தாம் சிறுபிள்ளையாக இருந்தபோது, பெந்தெகொஸ்தே நாளில் வீட்டு நிலமெங்கும் இதன் இலைகளைப் பரப்புவார்களென்றும், 1945இல் ஓடிவந்த பின்னர் இந்த மணத்தைத் தாம் முகரவேயில்லை என்றும் சொன்னார். எமது ஊரில் இதனைக் குழந்தைகளுக்குப் பூசுவோம் என்று நாம் சொன்னோம்.

புறப்படும்போது ஒரு கட்டை வேரைக் கேட்டு வாங்கிச் சென்றார். முதியோர் இல்லத்து மாடத்தில் வாளியொன்றில் அதனை வைத்திருப்பதாகப் பின்னர் மகன் தெரிவித்தார்.

தோட்டமில்லாத வாசகர்களும், முகாம்களிலும் மாடிகளிலும் வாழ்வோரும், இவ்வாறு தொடங்கலாம். வாளியொன்று, சிறிது கூழாங்கல், ஒரு கட்டை வேர் போதும். மீன் பின்னர் வரட்டும். நுளம்பு பெருகாதபடி நீரைக் கல்லின் மட்டத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.